எடுத்துப்போட்ட நட்சத்திரங்கள்

என் அக்காவைக் கேம்பல் பேயில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுடைய மாமனார் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எழுபதுகளில் கிரேட் நிகோபாரில் காட்டை வெட்டி முன்னாள் ராணுவத்தினருக்கு நிலம் கொடுத்தபோது, குடும்பத்தோடு கப்பலேறிப் போனவர்களில் அவரும் ஒருவர். நாங்கள் இருந்தது போர்ட் பிளேரில், பத்துபஸ்தியில். அப்பா அதற்கும் முன்னால், ஐம்பதுகளிலேயே, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து தச்சு வேலைக்கு வந்தவர். இரண்டும் ஒரே அந்தமான் என்றுதான் மெயின்லேண்டில் நினைப்பார்கள். ஆனால் அக்கா பிறந்த வீட்டுக்கு வந்து திரும்புவதற்குள் ஒருவர் மெட்ராஸ் போய்த் திரும்பிவிடலாம்.

எங்களைப் போன்றவர்களுக்குக் கப்பலை விட்டால் வேறு வழி இல்லை. அது தீவு தீவாக நின்று போகும். எப்போது புறப்படும் என்பதை ரேடியோவில் சொல்வார்கள். சொன்ன மாத்திரத்தில் டிக்கெட் ஆபீஸ் வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். நான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் அக்கா திரும்பிப் போகும்போதெல்லாம் அப்பா விடியுமுன்னே போய் வரிசையில் நிற்பார். சில நேரம் என்னையும் கூட்டிக்கொண்டு போய், தன் செருப்பை வரிசையில் வைத்துவிட்டு, "பாப்பா, இத யாரும் தள்ளிராம பாத்துக்க" என்று டீ குடிக்கப் போவார். கவுண்டர் திறந்ததும் வரிசை என்பது போய்விடும். தள்ளுமுள்ளுதான். அக்கா கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே முண்டிப் போனதும், ஜாக்கெட் தோளில் கிழிந்து வெளியே வந்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

அதனால்தான், மெட்ராஸில் நான் வேலை பார்த்த சின்னக் கம்பெனிக்குக் கப்பல் டிக்கெட் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தபோது, நானே முதலாளியிடம் போய்க் கேட்டேன். எண்பதுகளின் கடைசி அது. "என் ஊர் சார். அங்க என்ன கஷ்டம்னு எனக்குத் தெரியும்" என்றேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார். அந்தமானுக்குப் போகிறேன் என்று சொல்ல அந்தக் கம்பெனியில் வேறு ஆளும் இல்லை.

புரோகிராமை முதலில் எழுத ஆரம்பித்தவன் என் வயதுள்ள ஒரு சக ஊழியன். பாதியில் அவனை வேறு வேலைக்கு மாற்றிவிட்டு என்னிடம் கொடுத்தார்கள். சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. அதில் எனக்குப் பிடித்துப்போன இடம் ஒன்று உண்டு. கப்பலில் இடம் ஒதுக்க ஆளுக்கொரு விதி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிக்கு ஒரு விதி, அரசு ஊழியருக்கு ஒன்று, நிகோபாரிகளுக்கு ஒன்று, நிலம் பெற்றுக் குடியேறிய செட்லர் குடும்பத்துக்கு ஒன்று. ஒவ்வொரு விதியும் ஒரு தனி பங்ஷன், அதாவது தேவைப்படும்போது கூப்பிட்டுக்கொள்ளும் ஒரு சின்னப் புரோகிராம் துண்டு. பயணி யார் என்று பார்த்து, எந்த பங்ஷனைக் கூப்பிட வேண்டும் என்பதை ஒரு பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பங்ஷன்களின் பெயர் இருக்காது, அவை மெஷினில் எங்கே இருக்கின்றன என்ற முகவரி இருக்கும். அப்படி முகவரியை வைத்திருப்பதற்குப் பாயின்டர் என்று பெயர்.

பாயின்டர் வழியாகக் கூப்பிடுவதை இரண்டு விதமாக எழுதலாம். பழைய முறையில், பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு இரண்டையும் அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும்: (*f)(x). 'இந்த முகவரியில் இருப்பவரைக் கூப்பிடு' என்று அர்த்தம். புதிய முறையில் நேரடியாகவே எழுதிவிடலாம்: f(x). முகவரியா, பங்ஷனா என்று கம்பைலரே பார்த்துக்கொள்ளும். நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருகிற புரோகிராம்தான் கம்பைலர்.

அவன் எல்லா இடத்திலும் நட்சத்திரம் போட்டிருந்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். வரிகள் சுத்தமாக ஆனதுபோல் இருந்தது. திங்கட்கிழமை அவன் பார்த்துவிட்டு, "ஏன் எடுத்தே?" என்று கேட்டான்.

"பாக்க அசிங்கமா இருந்துச்சு. எதுக்கு அத்தன பிராக்கெட்?"

"சில கம்பைலர் ஒத்துக்காது."

"எந்தக் காலத்துக் கம்பைலர்?" என்று நான் சிரித்தேன். அவனும் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

நான் கவனக்குறைவாக இருந்தேன் என்று சொல்ல முடியாது. கம்பைலருக்குக் கம்பைலர் என்னென்ன மாறும் என்று தேடித் தேடிப் படித்தேன். எண்களின் அளவு மாறும் என்று தெரிந்து அதைச் சரிசெய்தேன். பங்ஷன்களை அறிவிக்கும் விதம் மாறும் என்று தெரிந்து பழைய முறையிலேயே வைத்தேன். இவ்வளவும் செய்த பிறகு என் வாயிலிருந்து ஒரு வாக்கியம் அடிக்கடி வர ஆரம்பித்தது. "இது எந்த மெஷின்லயும் ஓடும்." முதலாளியிடம் சொன்னேன். போர்ட் பிளேரில் இறங்கியதும் அப்பாவிடம் சொன்னேன். டிக்கெட் ஆபீஸின் அதிகாரியிடம் ஹிந்தியில் சொன்னேன்.

அந்த அதிகாரி வடநாட்டுக்காரர். நல்ல மனிதர்தான். கம்ப்யூட்டர் வந்தால் தன் ஆபீஸ் வாசலில் சண்டை நிற்கும் என்று உண்மையாகவே நம்பினார். வேறொரு கம்பெனி அனுப்பிய பெரிய மெஷின், மரப்பெட்டியில் கப்பலில் வந்து ஒரு அறையில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு மலையாளி இளைஞனை நியமித்திருந்தார்கள். ஏசி மாட்டாமல் அதை ஆன் செய்யக் கூடாது என்று அவனுக்குக் கண்டிப்பான உத்தரவு. ஏசி மாட்ட வேண்டியவர்கள் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார்கள். கேம்பல் பே கப்பலுக்கு டிக்கெட் கொடுக்கும் நாளின் காலையில்தான் அந்த அறை குளிர்ந்தது.

"தள்ளிப்போடலாமா?" என்று அதிகாரி கேட்டார்.

"தேவையில்ல சார். பத்து மணிக்குள்ள ரெடி" என்றேன்.

அந்தக் கப்பலில்தான் அக்காவும் போக வேண்டும். ஐந்து வயது இளைய மகனுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. மச்சான் அங்கே ஜெட்டியில், கப்பல் வந்து அணையும் மேடையில், காத்து நிற்பதாக ஏற்பாடு. விடியுமுன் வரிசைக்குக் கிளம்பிய அவளை நான்தான் தடுத்தேன். "இனிமே முண்ட வேண்டாம்க்கா. பத்து மணிக்கு வா போதும். மெஷின் யாரையும் தள்ளி விடாது." அவள் அதைத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். தங்கச்சி மெஷின்ல டிக்கெட் குடுக்கப் போகுது என்று. பத்து மணிக்கு நல்ல சேலை கட்டி, பையனுக்குத் தலை வாரி, அப்பாவோடு வந்து சேர்ந்தாள். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார்.

அப்போது நான் உள்ளே திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பிளாப்பியிலிருந்து புரோகிராமை ஏற்றி, கம்பைல் செய்யச் சொல்லி, விரலைக் கோத்துக்கொண்டு காத்திருந்தேன். முதல் பிழை வந்தது. அப்புறம் இரண்டாவது. பிறகு நிற்காமல் வந்துகொண்டே இருந்தது, திரை மேலே மேலே ஓடியது. மலையாளி இளைஞன் என் தோளுக்குப் பின்னால் நின்று, "இத்னா எரர்?" என்றான், இவ்வளவு பிழையா என்று. அவன் நல்லெண்ணத்தோடுதான் கேட்டான். என் காது சூடாகிவிட்டது.

கூப்பிடப்படுவது பங்ஷன் அல்ல என்கிற மாதிரி ஏதோ வந்தது. எனக்கு அர்த்தமே புரியவில்லை. மெட்ராஸில் ஓடியது இதே புரோகிராம், ஒரு எழுத்துகூட மாறவில்லை. மறுபடியும் கம்பைல் செய்தேன். மறுபடியும் அதே ஓட்டம். மூன்றாவது முறை செய்தபோது எனக்கே தெரிந்தது, நான் வேலை செய்யவில்லை, வேலை செய்வதுபோல் நடித்துக்கொண்டிருக்கிறேன் என்று.

அந்த அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவே கம்பி போட்ட ஜன்னல் இருந்தது. வரிசையில் நின்றவர்கள் அதன் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மெஷின் கராப் ஹோ கயா", கெட்டுப்போய்விட்டது, என்று யாரோ சொன்னார்கள். "மெஷின் நஹி, மேடம் கராப்" என்று இன்னொரு குரல், கெட்டது மெஷின் இல்லை, மேடம்தான் என்று. பெரிய சிரிப்பு எழுந்தது. பெங்காலியில், தெலுங்கில், தமிழில் அது பின்னால் போய்க்கொண்டே இருந்தது. தமிழில் சொன்னதை நான் எழுத மாட்டேன்.

அதிகாரி உள்ளே வந்தார். "க்யா ஹுவா?" என்று காரணம் கேட்டார். நான் கம்பைலர் என்றேன், வித்தியாசம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எந்த மெஷினிலும் ஓடும் என்றீர்களே" என்று அமைதியாக ஹிந்தியில் கேட்டார். பிறகு அவர் கிளார்க்கைக் கூப்பிட்டு, பழைய டிக்கெட் புத்தகங்களை எடுத்துவரச் சொன்னார்.

கவுண்டர் திறந்ததும் எல்லாம் பழையபடி ஆனது. விடியுமுன் வந்தவர்கள் முன்னால் நின்றார்கள். பத்து மணிக்கு வந்த என் அக்கா கடைசியில் நின்றாள். ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சேலை முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு உள்ளே புகப் பார்த்தாள். முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் கிளார்க் பலகைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டார். இடம் தீர்ந்துவிட்டது.

அப்போதுதான் அப்பா அதிகாரியின் அறைக்குள் நுழைந்தார். யாரும் கூப்பிடவில்லை. நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். மேசைக்குப் பக்கத்தில் அதிகாரிக்குத் தெரிந்த ஒரு கான்ட்ராக்டரின் ஆள் உட்கார்ந்திருந்தான். அப்பா இரண்டு கையையும் கூப்பினார்.

"சாப், பச்சி ஹை. கல்தி ஹோ கயா. மாஃப் கர் தோ சாப். நௌக்ரி மத் நிகாலோ."

சின்னப் பெண், தப்பு நடந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள், வேலையை விட்டு எடுத்துவிடாதீர்கள். என் வேலை அவர் கையில் இல்லை, மெட்ராஸில் இருக்கிறது என்பது அப்பாவுக்குத் தெரியாது. யாருக்கும் கைகட்டி நிற்காதவர் என்று நான் நினைத்திருந்த அப்பா, குனிந்து, அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு இருபத்தைந்து வயது தாண்டியிருந்தது. தரை பிளந்தால் இறங்கிப் போயிருப்பேன். திரையில் பிழைகள் ஓடியபோதுகூட நான் அப்படிக் கூசவில்லை.

அதிகாரி பதறி எழுந்து அப்பாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். வெளியே பெஞ்சில் இருக்கும் பெண் யார் என்று கேட்டார். மூத்த மகள், அவளுக்கும் டிக்கெட் கிடைக்கவில்லை என்று அப்பா சொன்னார். அவசரத்துக்கென்று தன் கையில் இடம் இருக்கிறது என்றார் அதிகாரி. டிராயரைத் திறந்தார். "ஒரு பெர்த். பையனை மடியில் வைத்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுக்கிறேன்."

அப்பாவின் முகம் மலர்ந்தது.

"வேண்டாம் சார்" என்றேன் நான்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"லைன்ல நின்னவங்களுக்குக் குடுங்க. எங்க வீட்டுக்கு வேண்டாம்." ஹிந்தியில், சத்தமாக, வராந்தாவில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று சொன்னேன். கேட்டதா என்று தெரியாது. அவர்கள் ஏற்கெனவே கலைந்துகொண்டிருந்தார்கள். அதிகாரி தோளைக் குலுக்கினார். நாங்கள் அறையை விட்டு வெளியே வரும்போது, கான்ட்ராக்டரின் ஆள் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வது கேட்டது. அந்த பெர்த் அவனுக்குத்தான் போயிற்று என்று மறுநாள் மலையாளி இளைஞன் சொன்னான்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது நான்தான் ஆரம்பித்தேன்.

"யாரு உங்களக் கும்பிடச் சொன்னது? அந்த ஆளு முன்னாடி போய்..."

"கும்பிட்டா கையா தேஞ்சு போகும்?" என்றார் அப்பா. கொஞ்ச தூரம் போனபின் நின்று திரும்பினார். "வெக்கம் ஒனக்கு. அலைச்சல் அவளுக்கு. நல்ல நாயம்."

அக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும்.

வீட்டில் அவள் நல்ல சேலையை மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்தாள். மச்சானுக்குத் தந்தி கொடுக்க அப்பா போனார். தந்தி போய்ச் சேர்வதற்கு முன் கப்பல் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது பிற்பாடு தெரிந்தது. மச்சான் ஜெட்டியில் கடைசி ஆள் இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அதற்குப் பிறகு பல வருஷம் அவர் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். மரியாதையாக மட்டும்தான் பேசினார்.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் பையனின் துணியைக் கும்மிக்கொண்டே அக்கா கேட்டாள். "நீ வேணாமுன்னு சொன்னது சரின்னே வச்சுக்குவோம். வெளிய பெஞ்சுல நாந்தானே உக்காந்திருந்தேன்? என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்கக்கா."

"யாரு பாத்தா? அவனவன் டிக்கெட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தான். நீதான் ஒன்னையவே பாத்துக்கிட்டு இருந்த."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு கொடிப்பக்கம் போய்விட்டாள். நானும் ஒரு துணியை எடுத்துப் பிழிந்து காயப்போட்டேன்.

மறுநாள் காலை ஆபீஸ் போனேன். வாசலில் இருந்த பியூன் எழுந்து நின்று வழி விட்டதுகூட கேலியாகப் பட்டது. மெஷினோடு வந்த தடித்த புத்தகத்தைப் புரட்டினேன். அதில் இதற்கு ஒன்றும் இல்லை. பிறகு புரோகிராமைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தேன். பாதியை எடுத்தால் பிழை குறைகிறதா, அந்தப் பாதியில் பாதியை எடுத்தால் போகிறதா என்று. மத்தியானம் கரண்ட் போய், வந்து, மறுபடி முதலிலிருந்து. கடைசியில் நாலைந்து வரியில் ஒரு சின்னப் புரோகிராம்தான் மிச்சம். ஒரு பங்ஷன், அதன் முகவரி, அந்த முகவரி வழியாக ஒரு அழைப்பு. அதற்கும் அதே பிழை.

வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நட்சத்திரத்தையும் அடைப்புக்குறியையும் போட்டு மறுபடி கம்பைல் செய்தேன். ஒரு சத்தமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது.

'எந்தக் காலத்துக் கம்பைலர்?' என்று நான் கேட்ட அந்தக் காலத்துக் கம்பைலர் அது. முகவரியைக் காட்டி நேரடியாகக் கூப்பிட்டால், முகவரி பங்ஷன் ஆகாதே என்று நின்றுவிடும். அதன் மேல் குற்றமே இல்லை. மெட்ராஸில் இருந்த கம்பைலர்தான் என் அவசரத்துக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு வரவேயில்லை. இவ்வளவு சின்னதா, இதற்காகவா, என்றுதான் இருந்தது. பெரிய கோளாறாக இருந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது முடிந்திருக்கும். அழகாக இல்லை என்று நான் எடுத்துப்போட்டது, வேறொன்றுமில்லை.

ஒவ்வொரு வரியாகப் போய் அவற்றைத் திரும்பப் போட்டேன். பிழைகள் நின்றன. நோயாளிக்கான விதி, ஊழியருக்கான விதி, செட்லருக்கான விதி என்று ஒவ்வொன்றையும் பொய்ப் பயணிகளை வைத்துச் சோதித்தேன். மலையாளி இளைஞன் வேண்டுமென்றே தப்பும் தவறுமாகத் தட்டிப் பார்த்தான். மெஷின் தாங்கியது. மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டு முதலாளியிடம் சொன்னேன். அவர், "ஓடுதுல்ல? அப்புறம் என்ன?" என்றார்.

அடுத்த கேம்பல் பே கப்பலுக்கு மெஷின்தான் டிக்கெட் கொடுத்தது. தள்ளுமுள்ளு அதிகம் இல்லை. பெரிய சாதனையாகவும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பிரிண்டர் சத்தம் அதிகம் என்று புகார் சொன்னார்கள். அதிகாரிக்கு மட்டும் மகிழ்ச்சி. பார்க்க வந்த மேலதிகாரிகளிடம் என்னை அறிமுகப்படுத்தும்போதெல்லாம், "இவளுடைய பிதாஜி என் அறையில் கண்ணீர் விட்டார். அப்போதே சொன்னேன், இந்தப் பெண் சரிசெய்துவிடுவாள் என்று" என்று ஆரம்பித்தார். அப்பா கண்ணீர் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவோ தெருவில் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். சாகிபிடம் தானே நேரில் போய்ப் பேசியதாகவும், அதற்குப் பிறகுதான் மெஷின் ஓட ஆரம்பித்ததாகவும். நான் திருத்தவில்லை.

அந்த டிக்கெட் நாளில் அக்கா விடியுமுன்னே வரிசைக்குப் போய்விட்டாள். மெஷின் யாரையும் தள்ளி விடாது என்று நான் திரும்பச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வரிசையின் முன்பகுதியில் நின்றிருந்தாள். உள்ளே கிளார்க் அவளுடைய விவரத்தைத் தட்டியபோது நான் வேண்டுமென்றே எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன். பிரிண்டர் கிறீச்சிட்டது. டிக்கெட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, பிளவுஸுக்குள் வைத்திருந்த சுருக்குப்பையில் மடித்துப் போட்டுக்கொண்டாள்.

கப்பல் கிளம்பிய அன்று நானும் அப்பாவும் ஜெட்டிக்குப் போயிருந்தோம். அவளுக்குக் கிடைத்தது அடுக்குப் படுக்கை போட்ட பங்க் வகுப்புதான். ஆனால் உள்ளே புழுங்கும் என்று மேல்தளத்தில் இடம் பிடிக்கப் பார்த்தாள். பாயை விரிப்பதற்குள் ஒரு பெங்காலி அம்மாளின் மூட்டை அந்த இடத்துக்கு வந்துவிட்டது. இருவரும் ஹிந்தியில் உரக்கத் தகராறு செய்துகொண்டிருந்தார்கள். பையன் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா கையை ஆட்டினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சங்கு ஊதியதில் ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றை அவிழ்த்து, கப்பல் ஜெட்டியை விட்டு நகர்ந்த பிறகும் அக்கா எங்கள் பக்கம் திரும்பவில்லை. அந்த அம்மாளின் மூட்டையை ஒரு காலால் நகர்த்தி, தன் பாயைப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எடம் புடிச்சுட்டா" என்றார் அப்பா, திருப்தியோடு. நாங்கள் பஸ்ஸுக்கு நடந்தோம்.